குடை ஞானியைப் பத்திப் பேச வந்தவர்

சிரிப்பு வரும் சார், கண்டிப்பா வரும், வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பீங்க. ஆனா இப்ப இல்ல. இப்பவே சொல்லிட்டா ருசி போயிடும். முதல்ல நான் கொஞ்சம் புலம்பிக்கறேன், அப்புறம் நீங்க சிரிங்க. இந்தக் குடியிருப்புல வேற யார்கிட்டயும் புலம்ப முடியாது சார். நாப்பது வீடு இருக்கு. இந்த ஞானியால நான் படற பாட்டைக் கேக்க நாப்பது வீட்லயும் ஒரு காது கிடையாது.

உக்காருங்க, உக்காருங்க. கூட்டம் அஞ்சு மணிக்குத்தான். நீங்கதான் நாலேகாலுக்கே வந்துட்டீங்க. சிறப்புப் பேச்சாளர்னா அரை மணி நேரமாவது லேட்டா வருவாங்கன்னு செயலாளர் நம்பிக்கையா இருந்தாரு. உங்களைப் பாத்ததும் ஆளு ஆடிப் போயிட்டாரு. "தம்பி... ஆனா... ஆனா... ஐயாவை சங்க ரூம்ல உக்கார வை. நாற்காலி போட்டு முடிக்கிற வரைக்கும் பேச்சுக் குடு. ஆனா... ஆனா... ரொம்பப் பேசாத!" அவரு அப்படித்தான் சார் பேசுவாரு, ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி நடுநடுவுல ஒரு "ஆனா". நல்லா வருதா? எனக்கு எல்லார் குரலும் வரும் சார். குழந்தைல இருந்தே. அந்தக் குரலாலதான் இவ்வளவு வினையும்.

அந்த உர்ர்ர் சத்தத்தைக் கண்டுக்காதீங்க, பக்கத்து ரூம்ல தண்ணி மோட்டார். தண்ணின்னதும்தான் ஞாபகம் வருது, கதையே தண்ணிலதான் ஆரம்பிக்குது.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்குப் பொழுது போகல. இன்டர்காமை எடுத்து கேட்ல இருக்கற வாட்ச்மேன் அண்ணனுக்குப் போட்டேன். செயலாளர் குரல்ல. "ஆனா... ஆனா... மேல் டாங்கைக் கழுவப் போறோம், மூணு நாளைக்குத் தண்ணி வராது, எல்லா வீட்டுக்கும் சொல்லிடு." அவ்வளவுதான் சார் சொன்னேன். அண்ணன் பாவம், நாப்பது வீட்டுக்கும் படி ஏறிச் சொல்லிட்டாரு. பக்கெட்டு, சட்டி, குழந்தை குளிக்கிற தொட்டி, ஒரு வீட்ல பூச்சாடில கூடப் புடிச்சு வச்சாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல குழாயைத் திறந்ததுல சாயங்காலத்துக்குள்ள டாங்கு நெசமாவே காலி! யோசிச்சுப் பாத்தா நான் சொன்னது பொய்யில்ல சார். கொஞ்சம் சீக்கிரம் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

மாட்டிக்கிட்டப்ப இதை அப்படியே சங்கக் கமிட்டில சொன்னேன். யாரும் ஒத்துக்கல.

தண்டனை என்னன்னு கேளுங்க. மூணு மாசம், தினமும் காலைல ஏழு மணிக்கு முன்னாடி, வாசல்ல இருக்கற கரும்பலகைல "இன்றைய சிந்தனை" எழுதணும். உலகத் தத்துவஞானிகள் சொன்னதா இருக்கணும், கீழ அவங்க பேரும் போடணும். செயலாளர் தலகாணி சைஸ்ல ஒரு புத்தகம் கொண்டாந்து குடுத்தாரு. "நாலு தடவை படிச்சிருக்கேன் தம்பி. ஆனா... ஆனா... பத்திரம்." நாலு தடவை படிச்ச புத்தகமாம்! பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு சார், நான்தான் ஸ்கேலை விட்டுப் பிரிச்சேன்.

நாலு நாள் ஒழுங்கா எழுதினேன். சத்தியமா. சாக்பீஸ் தூள் மூக்குக்குள்ள போயி, ஸ்கூல் பஸ்ல தும்மிக்கிட்டே போனேன். ஒருத்தர்... ஒரே ஒருத்தர் நின்னு படிக்கணுமே! மூணாவது நாள் என் சிந்தனைக்கு மேலயே யாரோ "பூனையைக் காணவில்லை"ன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அதைப் பத்து பேர் நின்னு படிச்சாங்க.

அஞ்சாவது நாள் எந்திரிக்கும்போதே ஆறு அம்பது. புத்தகத்தைக் காணோம். கட்டிலுக்கு அடில, மேஜைக்குப் பின்னாடி, எங்கயும் இல்ல. எங்கம்மா வீட்லயே துணி தைக்கறாங்க சார். ஒரு கால் மிஷின்ல, ஒரு கண்ணு என் மேல. அங்க இருந்தே கத்தறாங்க, "டேய்! வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடாதடா! எங்க வச்சேன்னு முதல்ல யோசி, அப்புறம் தேடு!" மணி ஏழாகப் போகுது. சாக்பீஸை எடுத்துக்கிட்டு கீழ ஓடினேன். தலைக்குள்ள எங்கம்மா குரல் மட்டும்தான் ஓடுது. அதையே எழுதினேன். ஆனா சும்மா எழுதுவேனா? கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதினேன். "தேடத் தொடங்குமுன், வைத்த இடத்தை நினை."

கீழ பேர் போடணுமே? சுத்திப் பாக்கறேன். மூலைல யாரோ மறந்துட்டுப் போன கறுப்புக் குடை சாஞ்சு நின்னுச்சு. போட்டேன் பேரை. குடை ஞானி.

சார்? கேக்கறீங்களா? ...ஓ, "ம்ம்"னீங்களா. சரி சரி. கண்ணு பூரா ஃபைல்லயே இருக்கேன்னு பாத்தேன். திருத்துங்க, திருத்துங்க, பேனாவை மூடாதீங்க. இருபத்திரெண்டு பக்கமா? மேல என்ன போட்டிருக்கீங்க... "குடை ஞானியும் மானுட சிந்தனை மரபும்." அடேங்கப்பா. கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்.

எங்க விட்டேன்? ஆங், சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்றேன், பலகை முன்னாடி ஆறு பேர்! ஒரு ஆன்ட்டி கண்ணைத் தொடைச்சுக்கறாங்க. "நான் எதையெல்லாம் எங்கெங்கயோ தேடிக்கிட்டு இருக்கேன்... எங்க வச்சேன்னு நினைச்சே பாக்கலையே..." செயலாளர் பக்கத்துல நின்னு தலையாட்டறாரு. "மனுஷ வாழ்க்கையே இந்த ஒரு வரில இருக்கு." எனக்கு வந்த சிரிப்பை அடக்கறதுக்கு பையைக் கடிச்சுக்கிட்டேன் சார். எங்கம்மா நான் பொறந்ததுல இருந்து தினம் பத்து வரி கத்தறாங்க, எதிர் வீடு கதவைத்தான் சாத்தும். அதே வரியைக் கறுப்புப் பலகைல போட்டு, கீழ செத்துப் போன ஒரு ஆளைக் கட்டிவிட்டா கண்ணீர்!

அதுக்கப்புறம் புத்தகத்தைத் தொடவே இல்ல. எதுக்கு? வீட்லயே ஊத்து இருக்கே! மறுநாள் நான் ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறேன். அம்மா, "எத்தனை தடவைடா திறந்து திறந்து பாப்ப? உள்ள இருக்கறதுதான்டா இருக்கும்!" பலகைல: "எத்தனை முறை திறந்தாலும், உள்ளே இருப்பதே இருக்கும்." அன்னைக்கு லிஃப்ட்ல பெரிய சண்டை சார். செயலாளர் சொல்றாரு, இது ஆன்மாவைப் பத்தினது. மூணாவது மாடி பல் டாக்டர் சொல்றாரு, "நோ நோ, இது மனுஷனோட குணம் மாறாதுங்கறது. நான் தினம் வாயைத் திறந்து பாக்கறேன், எனக்குத் தெரியாதா?" நாலு தடவை மேலயும் கீழயும் போயிட்டு வந்தாங்க, இறங்கவே இல்ல. உள்ள இருந்தது வெறும் அரை பாட்டில் பால் சார், நேத்து வச்ச சாதம் கொஞ்சம்.

அப்புறம் அந்தத் துண்டு விவகாரம். குளிச்சுட்டு ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டேன். அம்மா வழக்கம்போல, "உன் ஈரத்தை என் படுக்கைல ஏண்டா போடற?" நான் எழுதினேன்: "உன் ஈரம் சொட்டும் இடத்தில், இன்னொருவர் படுத்திருக்கிறார்." இங்க பாருங்க, எனக்கு உள்நோக்கமே கிடையாது. ஆனா முதல் மாடி ஆன்ட்டியும் ரெண்டாவது மாடி ஆன்ட்டியும் பதினோரு வருஷமா பேசிக்கறதில்ல. மேல காயப்போடற துணி கீழ இருக்கற பால்கனில சொட்டுதுன்னு. கோர்ட்டுக்குப் போகாத குறை. அன்னைக்குக் காலைல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பலகை முன்னாடி வந்து மாட்டிக்கிட்டாங்க. மேல் மாடி ஆன்ட்டி படிக்கறாங்க... திரும்பப் படிக்கறாங்க... முகம் என்னமோ ஆகுது. "உங்க பால்கனில... யாராவது படுப்பாங்களா?" பதினோரு வருஷத்துல முதல் வார்த்தை! கீழ் மாடி ஆன்ட்டி, "எங்க வீட்டுக்காரர். மத்தியானத்துல. காத்துக்காக." அவ்வளவுதான். மறுநாளே மேல கயிறு உள்பக்கமா மாறிடுச்சு. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போறாங்க சார். தாங்க முடியல. ரெண்டு பேர் குரலும் ஒரே நேரத்துல படிக்கட்டுல கேக்குது.

நான் எதுக்கு இதைச் சொல்றேன்னா, எனக்கு அப்பத்தான் கொஞ்சம் பயம் வந்துச்சு. விளையாட்டுக்குக் கல்லு விட்டா அது யாரோட ஜன்னலையோ உடைக்கும், அது பழக்கம். அது யாரோட ஜன்னலையோ *திறந்து* விட்டா என்ன பண்றது? அதுக்கு யார்கிட்ட மன்னிப்பு கேக்கறது?

ஏன் சார் சிரிக்கல? சரிதான், சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரல. வாட்ச்மேன் அண்ணன் டீ கொண்டாறாரு, இருங்க. வைங்கண்ணா இப்படி. ...சார், இவருதான் நான் சொன்ன வாட்ச்மேன் அண்ணன். நாப்பது வீட்லயும் "தெரியாது"ன்னு சொன்ன ஒரே ஆளு. ஆமா சார்! மத்த எல்லாருக்கும் குடை ஞானியைத் தெரியுமாம். செயலாளர்கிட்ட யாரோ, "இவர் எந்தக் காலத்து ஆளு?"ன்னு கேட்டாங்க. "ஆனா... ஆனா... புத்தகத்துல நடுவுல வருவாரு." பல் டாக்டர், "நான் காலேஜ்ல படிச்சிருக்கேன், அப்ப வேற எழுத்துக்கூட்டல்." அண்ணன் மட்டும்தான் நேரா என்கிட்ட வந்து, "தம்பி, யாரு அந்த ஆளு? எனக்குத் தெரியாது. எதுக்கு அவருக்குக் குடை?"ன்னாரு.

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வாழ்நாள் பூரா குடையோடதான் நடப்பாருண்ணா, ஆனா மழை வந்தா விரிக்க மாட்டாரு." அண்ணன், "ஏன்?"ன்னாரு. நான், "விரிச்சா அது குடை, விரிக்காட்டி அது கேள்வி"ன்னேன். நானே அசந்து போயிட்டேன் சார்! அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சாரு. யோசிச்சுட்டு, "நனைஞ்சுட்டு வீட்டுக்குப் போனா பொண்டாட்டி திட்ட மாட்டாளா?"ன்னாரு. நான் ஸ்கூல் பஸ் வந்துடுச்சுன்னு ஓடிட்டேன்.

போயிட்டாரா? அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு, அவர் முன்னாடி சொன்னா கூச்சப்படுவாரு. நான் ஒரு நாள் கடுப்புல, "ஏண்ணா, இந்த ஞானிங்கல்லாம் இருந்து என்னண்ணா பண்றாங்க? லிஃப்ட்டை ரிப்பேர் பண்றாங்களா, மோட்டார் போடறாங்களா?"ன்னு கேட்டேன். அண்ணன் சொன்னாரு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. முன்னாடி எல்லாரும் இந்த வாசல்ல நிக்காம ஓடுவாங்க. இப்ப பலகை முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறாங்க. நின்னா திரும்பறாங்க. திரும்பினா நான் இருக்கேன். 'என்ன, சாப்பிட்டியா?'ன்னு கேட்டுட்டுப் போறாங்க." ...அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு சார். சரி விடுங்க, சீரியஸா போகுது, எனக்கு ஒத்துக்காது.

டீ ஆறுது சார். குடிங்க. மணி நாலே முக்கால். மைக் டெஸ்ட் பண்றாங்க பாருங்க, "ஹலோ... ஹலோ... ஆனா... ஆனா..."

சார், கொஞ்சம் ஃபைலைக் கீழ வச்சுட்டு என்னைப் பாருங்களேன். நேராவே சொல்லிடறேன். அப்படி ஒரு ஆளே கிடையாது. குடை ஞானின்னு ஒரு ஆளே இல்ல.

...என்ன எழுதிக்கறீங்க?

"ஆளே... கிடையாது." அடிக்கோடு வேற! சார், சார், "தான் என்பது அழிந்த நிலை"யா? இல்ல சார்! நான் தத்துவமாச் சொல்லல! நெசமாவே கிடையாதுன்னு... ஐயோ, பக்கமே திருப்பிட்டாரு. "இளம் வாசகர் ஒருவரின் நுட்பமான அவதானிப்பு"ன்னு ஓரத்துல குறிச்சுக்கறாரு. என் தலையெழுத்து.

பரவால்ல. பொறுமையா வர்றேன். இப்ப நான் சொல்றது எங்கம்மா கொடுமை. இதுதான் சார் பெரிய கொடுமை. நான் என்ன நினைச்சேன்? எங்கம்மா பலகையைப் பாத்தா, "டேய், இது நான் சொன்னதுடா!"ன்னு காதைத் திருகுவாங்கன்னு. பயந்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நாள் வீட்டுக்கு வர்றேன். தையல் மிஷின் மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. அம்மா கையெழுத்து. "உன் காலை நீக்கினாலன்றி, அதன் கீழ் உள்ள தூசி தெரியாது — குடை ஞானி." நான் டிவி பாக்கறப்ப, "காலை எடுடா, பெருக்கணும்"னு சொன்னதை அன்னைக்குக் காலைல பலகைல போட்டிருந்தேன், அது! அவங்க சொன்னதையே அவங்களுக்குத் தெரியல சார்! கழுத்துல டேப்பு தொங்குது, வாயில குண்டூசி, என்னைப் பாத்து, "ம்ம்... பாத்தியா? ஞானி என்ன சொல்றாருன்னு? நான் சொன்னா எங்க கேக்கற? அந்த மாதிரி ஆளுங்க பேச்சையாவது கேளு. எனக்கெல்லாம் ரெண்டு வார்த்தை கோத்துப் பேச வருமா?"

...ரெண்டு வார்த்தை கோத்துப் பேச வருமான்னு கேக்கறாங்க சார்.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. வாய்ல குண்டூசி வச்சுக்கிட்டு இருக்கறவங்களை அதிர்ச்சியாக்கக் கூடாதில்லையா. அதுல இருந்து தினமும் ரெட்டைத் திட்டு. காலைல எங்கம்மா திட்டுவாங்க, சாயங்காலம் ஞானி பேர்ல அதையே மறுபடியும் திட்டுவாங்க. உலகத்துல வேற எந்தப் பையனுக்கு சார் இப்படி நடந்திருக்கும்?

சரி, இப்ப வில்லி. வில்லின்னு சொல்லக்கூடாது, நல்லவங்க, ஆனா எனக்கு வில்லி. அஞ்சாவது மாடி டீச்சர். ரிட்டையர்டு. முப்பத்தஞ்சு வருஷம் பூகோளம் எடுத்தவங்க. மேப்ல இல்லாத ஊரை ஒத்துக்கவே மாட்டாங்க. அவங்க பத்து நாளா லைப்ரரிக்குப் போயிப் போயி தேடியிருக்காங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடி லிஃப்ட்ல என்னைப் புடிச்சாங்க. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி... இப்படி... "தம்பீ. எந்த நூல்? எந்தப் பக்கம்?" நான், "செயலாளர் புத்தகம் டீச்சர்." "அந்த நூல் என்னிடமும் இருக்கிறது. அதில் இல்லை." "அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்பேன். எல்லார் முன்னாடியும்." இப்பவே வந்து முதல் வரிசைல உக்காந்துட்டாங்க சார். ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. நடு நாற்காலி. கைல துண்டுச் சீட்டு. அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க, ஆனா யார் மேடைல நிக்கறாங்களோ அவங்களைத்தான் கேப்பாங்க.

மேடைல யார் நிக்கப் போறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இல்ல, உங்களுக்குத் தெரியல. இன்னும் பேனாவைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க.

இப்ப ஏன் இந்தக் கூட்டம்னு சொல்றேன், கேளுங்க. என் ஐடியாவால வந்த வினைதான் இது. டீச்சர் என்னைப் புடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நானே போயி ஒத்துக்கலாம். ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? ஆன்ட்டிங்க கயிறு திரும்ப வெளிய போயிடும். அண்ணனை மறுபடி யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எங்கம்மா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுவாங்க. அதனால வேற வழி யோசிச்சேன். ஒரு நெசமான பேராசிரியர், தத்துவம் படிச்சவர். அவருக்குப் போன் பண்ணி "குடை ஞானியைப் பத்திப் பேச வாங்க"ன்னா, அவர் என்ன சொல்லுவாரு? "யாருப்பா அது? அப்படி யாரும் இல்லையே"ம்பாரு. சொன்னா நான் செயலாளர்கிட்ட போயி, "ஐயா, பேராசிரியரே தெரியாதுங்கறாரு, புத்தகத்துல அச்சுப் பிழையா இருக்கும்"னு சொல்லி, மெதுவா பலகையை அழிச்சுட்டு வேற ஞானிக்கு மாறிடலாம். யாருக்கும் வலிக்காது. எவ்வளவு அழகான திட்டம் பாருங்க! அதுக்கு வேண்டியது எல்லாம் ஒரே ஒரு படிச்ச மனுஷன், "எனக்குத் தெரியாது"ன்னு ஒரே ஒரு வார்த்தை.

யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. பேப்பர்ல "எங்கும் எதைப் பற்றியும் உரையாற்றுவார்"னு ஒரு பேராசிரியர் நம்பர் போட்டிருந்தாங்க. போட்டேன். செயலாளர் குரல்லதான். "வணக்கம் ஐயா, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பேசறேன். ஆனா... ஆனா... ஒரு சின்ன வேண்டுகோள். நீங்க குடை ஞானியைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க..."

நான் மனசுக்குள்ள, சொல்லுங்க ஐயா, தெரியாதுன்னு சொல்லுங்க, நல்லா இருப்பீங்கன்னு வேண்டிக்கறேன். அந்தப் பக்கம் ஒரு இருமல். இப்படி... க்ஹும். க்ஹும். மூக்கை உறிஞ்சற மாதிரி இழுத்து... "குடை... ஞானி. ஆஹா. முப்பது ஆண்டுகளாக அவரைத்தான் வாசித்து வருகிறேன், செயலாளர் அவர்களே. க்ஹும். பலருக்கும் தெரியாத ஒன்று. முற்காலக் குடை ஞானி வேறு... பிற்காலக் குடை ஞானி வேறு."

முற்காலம் திங்கக்கிழமை சார். பிற்காலம் வியாழக்கிழமை.

நான் போனை வச்சுட்டேன். அவரு அதோட விடல. சங்கத்துக்கு லெட்டர் வேற அனுப்பிட்டாரு, "தங்கள் அழைப்பை ஏற்று வருகிறேன்"னு. செயலாளர் லெட்டரைப் பாக்கறாரு, அவர் யாரையும் கூப்பிடவே இல்ல, முழிக்கறாரு. நான் கதவோரமா நின்னு, இப்ப மாட்டினேன்னு இருக்கேன். பல் டாக்டர், "என்ன, பேராசிரியரைக் கூப்பிட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாரு பாருங்க, செயலாளர் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "ஆனா... ஆனா... நான்தானே கூப்பிட்டேன்!"

ஒருத்தர்! ஒரே ஒருத்தர் இந்த வரிசைல "தெரியாது"ன்னு சொல்லியிருந்தா நான் இப்ப நிம்மதியா கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பேன். சின்ன வயசுல இருந்து எல்லாரும் என்னைத்தான் சார் பொய்க்காரன்பாங்க...

என்ன சார்? பேனா கீழ விழுந்துடுச்சு. நான் எடுக்கறேன், இருங்க.

...ஏன் சார் கண்ணாடியைக் கழட்டறீங்க? ...எந்த இடமா? திரும்பச் சொல்லணுமா? அந்த இருமலா? "க்ஹும். முப்பது ஆண்டுகளாக அவரைத்தான்..." ஆமா சார். அவர் குரல் இதுதான். ஒரு தடவை கேட்டா எனக்கு மறக்காது. ...ஆமா. அதே குரல்தான். உங்க குரல்தான்.

தண்ணி குடிங்க சார். அது டீ, தண்ணி இந்தப் பக்கம்.

நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், சத்தியமா. உங்களை அசிங்கப்படுத்தணும்னு நினைச்சிருந்தா சும்மா உக்காந்து வேடிக்கை பாத்திருப்பேனே? டீச்சர் சீட்டை எடுத்துக்கிட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னுதான், மோட்டார் ரூம் வழியா பின்வாசலைக் கூடத் திறந்து வச்சிருக்கேன். திடீர்னு உடம்புக்கு முடியலன்னு நான் சொல்லிக்கறேன். உங்க குரல்லயே மைக்ல மன்னிப்புக் கேட்டுடறேன், வேணும்னா. வேணாமா? சரி வேணாம்.

இதோ கூப்பிடறாரு செயலாளர். "ஐயா... ஆனா... ஆனா... மேடைக்கு வரலாம்!" வந்துட்டாங்கய்யா! இருங்கய்யா, ஒரு நிமிஷம்! ...சார், சீக்கிரம் முடிவு பண்ணுங்க. பின்வாசல் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனா மேடை. ...சார், ஃபைலை ஏன் எங்கிட்ட குடுக்கறீங்க? இருபத்திரெண்டு பக்கம் சார், இதை வச்சுக்கிட்டு நான் என்ன...

ஏன் சார் இப்படிச் சிரிக்கறீங்க? சத்தமா சிரிக்காதீங்க, வெளிய கேக்கும். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு உங்களுக்கு. ...தப்பு சார், தப்புதான், ஒத்துக்கறேன், மன்னிச்சுடுங்க, அதுக்கு ஏன் கையைப் புடிக்கறீங்க? எங்க இழுத்துக்கிட்டு போறீங்க? அது மேடை சார்! பேச்சாளர் நீங்க! நான் நாற்காலி போட வந்தவன்!

மைக்ல என்ன சொல்லப் போறீங்கன்னு சொல்றீங்களா? சொல்லுங்க... என்னது? "எனக்குக் குடை ஞானியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது"ன்னா? அப்பாடா, சொல்லுங்க சார், தாராளமா சொல்லுங்க, அதைத்தானே நான் அன்னைக்கே... அப்புறம்? அதோட நிறுத்திக்குவீங்கல்ல? ...என்ன, "ஆனா அவரே நேர்ல வந்திருக்காரு, டீச்சர் கேள்வியை அவர்கிட்டயே கேக்கலாம்"னா?

ஐயையோ! சார், கையை விடுங்க! சார்... சார், எங்கம்மா மூணாவது வரிசைல உக்காந்திருக்காங்க சார்!